பெட்டிக்குள் பாடியது போன்ற குரல்: மைக்கை மாற்ற வேண்டாம்

மைக்கை மாற்றாதீர்கள், கோளாறு அறையில் இருக்கிறது. 10-க்கு 10 அடி அறை, சுவரெங்கும் ஒரு அங்குல ஃபோம், அப்படியும் பதிவில் குரல் பெட்டிக்குள் இருந்து வருவது போல் ஒலிக்கிறது என்கிறீர்கள். மெல்லிய ஃபோம் உச்ச ஒலிகளை மட்டுமே நன்றாக உறிஞ்சும். 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலி பெருமளவு சுவரில் மோதித் திரும்பி மைக்குக்கே வந்து சேரும். அதனால் வரும் மந்தமான ஒலிதான் உங்கள் காதில் விழுகிறது. நீளமும் அகலமும் சமமான அறையில் இது இன்னும் மோசமாகும்.

இன்றே சோதித்துப் பாருங்கள்:

1. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தொலைவில் நின்று பல்லவியின் முதல் வரியைப் பதிவு செய்யுங்கள்.

2. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து அரை அடி தள்ளி, கனமான பஞ்சு ரஜாயைக் கொடியில் தொங்கவிட்டு அதே வரியைப் பாடுங்கள். கார்டியாய்டு மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். அதனால் மைக்குக்குப் பின்னால் இருப்பதைவிடப் பாடுபவருக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் முக்கியம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை வீணாக்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கம்ப்ரஸரை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் வசதி) அணைத்துவிட்டு, இரண்டு பதிவுகளையும் ஒரே ஒலியளவில் ஒப்பிடுங்கள். கம்ப்ரஸர் அறையின் எதிரொலியையும் சேர்த்து உயர்த்திக் காட்டும்.

இரண்டாவது பதிவிலும் மந்தம் குறையவில்லை என்றால், மைக்குக்கு மிக அருகில் நிற்பதால் அடி ஒலி கூடியிருக்கலாம். இன்னும் அரைச் சாண் விலகிப் பாருங்கள். ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 300 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் குறைப்பது உதவும்; அதற்கு மேல் போனால் குரலின் உடலே மெலிந்துவிடும்.