தணிக்கைக் குழு வந்து போன பிறகு கேஸ் ஷீட்டைத் திருத்தலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஒரு தாலுகா ஊரில் 30 படுக்கை மருத்துவமனை நடத்துகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இருக்கிறோம். போன மாதம் தணிக்கைக் குழு சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. 12 கேஸ் ஷீட்டுகளை ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. சில கேஸ் ஷீட்டுகளில் நர்ஸ் குறிப்புகள் இல்லை, 2 நோயாளிகளிடம் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறீர்கள், 7 நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்கிறார்கள். விடுபட்ட குறிப்புகளை எழுதிச் சேர்த்துவிடலாம் என்கிறார் எங்கள் மேனேஜர். அந்த நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டார். என்ன செய்வது?

பதில்: டாக்டர், முதலில் அந்த 12 கேஸ் ஷீட்டுகளையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இன்று வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

மேனேஜர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நர்ஸ் குறிப்பு எழுத வேண்டிய கட்டங்கள் காலியாக உள்ள ஜெராக்ஸ் தணிக்கைக் குழுவின் கோப்பில் இருக்கிறது. அதே பக்கம் நிரப்பப்பட்டு, போய்விட்ட நர்ஸின் பெயரில் கையெழுத்தோடு உங்கள் பக்கத்திலிருந்து வந்தால் என்ன ஆகும்? இப்போது அது பதிவேட்டுக் குறைபாடு. நோட்டீஸும் அப்படித்தான் சொல்கிறது. அடுத்தவர் பெயரில் எழுதிச் சேர்த்தால் போலி ஆவணம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-வது பிரிவின்படி, ஏமாற்றும் நோக்கில் போலி ஆவணம் தயாரித்தால் 7 ஆண்டு வரை சிறை. பதில் கடிதம் எழுதி முடிக்க வேண்டிய விஷயம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். எழுதிய ஊழியரும் உங்களோடு மாட்டிக்கொள்வார். அந்த ஊழியரின் வாழ்க்கையையும் யோசித்துப் பாருங்கள்.

குறிப்பு இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். ஆனால் சிகிச்சை நடந்ததற்கு வேறு சான்று இருக்குமே: மருந்தகப் பில், லேப் முடிவுகள், மயக்க மருந்துக் குறிப்பு, ஆபரேஷன் தியேட்டர் பதிவேடு, டிஸ்சார்ஜ் சம்மரி. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக இவற்றின் நகலை இணையுங்கள். அந்த நர்ஸைக் கண்டுபிடிக்க முடிந்தால், அவர் நினைவில் இருப்பதை இன்றைய தேதியிட்ட தனிக் கடிதமாகக் கையெழுத்திட்டுத் தரட்டும். பழைய தாளில் அவரும்கூட எதையும் சேர்க்கக் கூடாது.

அடுத்தது பணம். இதில்தான் நீங்கள் எனக்கு முழு உண்மையைச் சொல்லவில்லையோ என்று தோன்றுகிறது. நோட்டீஸில் உள்ள 2 பேரிடமும் பணம் வாங்கினீர்களா இல்லையா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் திட்டம் ஒரு தொகுப்புத் தொகை தருகிறது. அதற்குள் அடங்கும் மருந்துக்கோ பரிசோதனைக்கோ நோயாளியிடம் தனியாக வாங்கக் கூடாது. அந்த அட்டையை நம்பி வருகிறவர்கள் நகையை அடகு வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் திட்டமே இருக்கிறது. ஆகவே ரசீதுப் புத்தகத்தையும் கேஷ் கவுன்ட்டரையும் சரிபாருங்கள். வாங்கியது உண்மையானால் வங்கிக் கணக்கு வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த விவரத்தைப் பதிலில் மறைக்காமல் சொல்லுங்கள். "புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று நோயாளியிடம் எழுதி வாங்கும் வேலை வேண்டவே வேண்டாம். தொகுப்பில் சேராத வேறு சிகிச்சைக்கு வாங்கிய பணம் என்றால், அதைக் காட்டும் பில்லையும் நோயாளி முன்கூட்டியே கொடுத்த சம்மதத்தையும் இணைக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றிப் பயப்படாதீர்கள். எடுத்துச் சென்ற ஆவணங்களின் பட்டியலில் போட்ட கையெழுத்து குற்ற ஒப்புதல் ஆகாது. ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கே தெரியாதென்றால், இன்றே ஒரு கடிதம் அனுப்பி அதன் நகல், தணிக்கை அறிக்கை, நோயாளிகளின் புகார் எல்லாவற்றையும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாள் ஓடிவிடும், உங்களுக்கு இருப்பதோ 7 நாள். அதே கடிதத்தில் கூடுதல் அவகாசமும் நேரில் விளக்க வாய்ப்பும் கேளுங்கள். ஆனால் அவகாசம் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாமல், கையில் இருப்பதை வைத்து 7 நாளுக்குள் ஒரு பதில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேர்ப்பித்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று.

நோட்டீஸை இன்னொரு முறை படியுங்கள். வெறும் "நடவடிக்கை" என்றிருக்கிறதா, பட்டியலிலிருந்து நீக்குவோம் என்று தெளிவாக இருக்கிறதா? ஒருவரைத் தடைப் பட்டியலில் சேர்க்கப்போவதாக இருந்தால் அதை நோட்டீஸிலேயே தெரியும்படி சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் நோட்டீஸ் மொட்டையாக இருந்தால் இந்தத் தீர்ப்பைப் பதிலில் காட்டலாம். அதற்காக இதை மட்டுமே நம்பிப் பதிலை எழுதாதீர்கள்.

பட்டியலிலிருந்து நீக்கினாலும் மருத்துவமனையை மூட வேண்டியதில்லை. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பெற்ற பதிவு தனி. ஆனால் ஒரு தணிக்கை அடுத்த ஆய்வுக்கு வழி திறக்கலாம். அந்தப் பதிவுச் சான்றின் தேதி, மருத்துவக் கழிவுப் பதிவேடு, ஸ்கேன் இருந்தால் படிவம் எஃப் (கர்ப்பிணிகளின் ஸ்கேன் விவரத்தைப் பதியும் படிவம்) ஆகியவற்றை இந்த வாரமே பாருங்கள். படிவம் எஃப் விஷயத்தில் சட்டம் மிகக் கடுமை, சின்ன விடுபடலுக்கும் வழக்கு வரும்.

பதில் கொடுத்தும் பாதகமான உத்தரவு வந்தால், முதலில் ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் மேல்முறையீட்டுக்குப் போங்கள். அது பலிக்காவிட்டால் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு இருக்கிறது. இன்னொன்று: இப்போது உங்களிடம் அனுமதி பெற்று உள்நோயாளிகளாக இருப்பவர்களின் பட்டியலைப் பதிலோடு இணைத்து, என்ன உத்தரவு வந்தாலும் அவர்கள் சிகிச்சை முடியும்வரை அது பாதிக்கக் கூடாது என்று தனிப் பத்தியாகக் கேளுங்கள்.