குற்றப்பத்திரிகை இல்லாத கைதிக்கு எதை வைத்து விசாரணை? குவாண்டனாமோ பற்றிய வாசகர் கேள்விகள்

குவாண்டனாமோ என்பது கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஆப்கன் போரிலும் வேறு இடங்களிலும் பிடித்தவர்களை அமெரிக்கா அங்கே சிறை வைத்தது, பெரும்பாலும் வழக்கே போடாமல். அவர்களைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று ராணுவமே மறுஆய்வு செய்தது. இதுபற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தன: வழக்கே போடாதபோது, அந்த மறுஆய்வில் என்னதான் நடக்கிறது? முடிந்தவரை விளக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரியே போதுமாக இருந்தது.

போரில் பிடிபட்டவர்களைப் போர்க்கைதி என்று அறிவித்திருந்தால் இத்தனை குழப்பம் வந்திருக்காதே? (கோவை வாசகர்)

வந்திருக்காது. ஆனால் போர்க்கைதி என்று சொன்ன மறுகணமே அவருக்கு உரிமைகள் வந்துவிடும். மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கைப்படி பெயர், படைப்பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றைச் சொன்னால் போதும். அதற்கு மேல் மிரட்டிக் கேட்க முடியாது. சண்டை ஓய்ந்ததும் தாமதமில்லாமல் ஊருக்கு அனுப்ப வேண்டும். குவாண்டனாமோவுக்குக் கொண்டுபோனதே அவர்களிடமிருந்து தகவல் கறப்பதற்காக. 2002 ஜனவரி 11 அன்று முதல் விமானத்தில் 20 பேர் வந்து இறங்கினார்கள். பிப்ரவரி 7 அன்று அதிபர் புஷ் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதன்படி அல்-காயிதாவினருக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது, தாலிபான்கள் யாரும் போர்க்கைதிகள் ஆகமாட்டார்கள்.

பிடிபட்டவர் யார் என்பதில் சந்தேகம் வந்தால் ஒரு தீர்ப்பாயம் கூடி முடிவு செய்ய வேண்டும் என்பது அதே உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவமே ஏறத்தாழ 1,200 பேருக்கு இப்படி விசாரணை நடத்தியது. அவர்களில் பெரும்பாலானோர் ஊரைவிட்டு ஓடிவந்த பொதுமக்கள் என்று தெரிந்தது. அந்த விசாரணைக்குப் பயன் இருந்ததற்குக் காரணம் அது நடந்த இடமும் நேரமும்தான். பிடித்த சிப்பாய் பக்கத்திலேயே இருப்பார், சாட்சி சொல்ல அக்கம்பக்கத்து ஆட்களும் கிடைப்பார்கள். 2002-இல் அந்தப் படியைத் தாண்டிக் குதித்தார்கள். பின்னால் வந்த தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்பது என் கருத்து.

2004-இல் எல்லாருக்கும் விசாரணை நடத்தினார்களே, அது போதாதா? (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி)

அந்த விசாரணை எப்படி வந்தது என்று பாருங்கள். 2004 ஜூன் 28 அன்று, குவாண்டனாமோ கைதிகளும் அமெரிக்க நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பதே நாளில், ஜூலை 7 அன்று, பாதுகாப்புத் துறை ஒரு தீர்ப்பாயத்தை அமைத்தது. மூன்று ராணுவ அதிகாரிகள் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் 'எதிரிப் போராளி'யா இல்லையா என்று முடிவு செய்வார்கள். பிடிபட்டு இரண்டரை ஆண்டு கழித்து, பிடிபட்ட நாட்டிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு சிறு அறையில் இது நடந்தது.

கைதிக்கு வழக்கறிஞர் கிடையாது. 'தனிப் பிரதிநிதி' என்று ஓர் அதிகாரியைக் கொடுத்தார்கள். அவர் வழக்கறிஞர் அல்ல, கைதி அவரிடம் சொல்வது ரகசியமும் அல்ல. அரசு வைக்கும் ஆதாரம் சரியானது என்ற அனுமானத்தோடுதான் விசாரணையே தொடங்கும். ரகசிய ஆதாரத்தைக் கைதி பார்க்க முடியாது. இந்த நான்கையும் சேர்த்துப் படியுங்கள்.

போஸ்னியாவில் பிடிபட்ட அல்ஜீரியர் ஒருவரின் விசாரணைப் பதிவை நான் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் படித்துக் காட்டுவதுண்டு. போஸ்னியாவில் வாழ்ந்தபோது அல்-காயிதாக்காரர் ஒருவரோடு பழகினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. "அவர் பெயர் என்ன?" என்று கேட்கிறார். தனக்குத் தெரியாது என்கிறார் தீர்ப்பாயத் தலைவர். பெயரைச் சொன்னால்தானே எனக்கு அவரைத் தெரியுமா தெரியாதா என்று சொல்ல முடியும், ஒருவேளை என்னோடு வேலை பார்த்தவராக இருக்கலாம், என் குழுவில் இருந்தவராக இருக்கலாம் என்று கெஞ்சாத குறையாக விளக்குகிறார். கடைசிவரை பெயர் வரவில்லை. 2005 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி ஜாய்ஸ் ஹென்ஸ் கிரீன் இந்த உரையாடலைத் தன் தீர்ப்பில் எடுத்துப் போட்டார். படித்து முடித்ததும் வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருக்கும்.

அதே வழக்கில் நீதிபதி ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார். ஆப்கானிஸ்தான் அனாதைகளுக்கு உதவும் அமைப்பு என்று நம்பி, சுவிட்சர்லாந்தில் ஒரு பாட்டி பணம் அனுப்புகிறார். அந்த அமைப்பு உண்மையில் அல்-காயிதாவுக்கு உதவுகிறது. அவரையும் பிடித்து வைக்கலாமா? வைக்கலாம் என்பதுதான் அரசு வழக்கறிஞரின் பதில். 'எதிரிப் போராளி' என்ற சொல்லை அவ்வளவு அகலமாக விரித்து வைத்திருந்தார்கள்.

அந்தத் தீர்ப்பாயத்தில் யாருமே தப்பவில்லையா? (ஈரோடு வாசகர்)

558 பேரில் 38 பேரை 'இனி எதிரிப் போராளி அல்ல' என்றார்கள். அந்த 'இனி' என்ற சொல்லைக் கவனியுங்கள். தவறாகப் பிடித்துவிட்டோம் என்று சொல்ல ஏட்டில் ஒரு சொல்கூட இல்லை.

முடிவு பிடிக்காவிட்டால் திரும்ப விசாரிப்பதும் நடந்தது. ஸ்டீபன் ஆபிரகாம் என்ற ரிசர்வ் படை லெப்டினன்ட் கர்னல் அப்படி ஒரு குழுவில் உட்கார்ந்தவர், தொழிலால் வழக்கறிஞர். லிபியாக்காரர் ஒருவருக்கு எதிராக உருப்படியான ஆதாரமே இல்லை என்று அவருடைய குழு ஒருமனதாக முடிவு செய்தது. பிறகு வேறொரு குழு கூடி அதை மாற்றிவிட்டது. 2007 ஜூனில் ஆபிரகாம் இதையெல்லாம் உறுதிமொழிப் பத்திரமாக எழுதி உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்தார். கைதிகளின் மனுவை ஏற்க ஏப்ரலில் மறுத்திருந்த அதே நீதிமன்றம், அந்த மாத இறுதியிலேயே தன் முடிவை மாற்றிக்கொண்டு வழக்கை எடுத்துக்கொண்டது. சீருடையில் இருந்துகொண்டு அப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நீதிமன்றம் போனவர்களுக்காவது நியாயம் கிடைத்ததா?

சிலருக்குக் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் மனம் மாறி எடுத்துக்கொண்ட அந்த வழக்கில்தான் 2008 ஜூன் 12 அன்று, ஆட்கொணர்வு உரிமை அரசியல் சட்டமே தந்தது என்று 5–4 பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. மனுதாரர் லக்தர் பூமெதியென். போஸ்னிய நீதிமன்றம் விடுவிக்கச் சொன்ன பிறகும் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டவர். நவம்பரில் நீதிபதி ரிச்சர்ட் லியோன் அவரையும் மேலும் நால்வரையும் விடுவிக்க உத்தரவிட்டார். தீர்ப்பாயத்தில் பெயர் கேட்டாரே அந்த அல்ஜீரியர், அவரும் அந்த ஐவரில் ஒருவர்.

ஆனால் போகப்போக வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசலைக் குறுக்கிவிட்டது. அத்னான் லத்தீஃப் யேமன்காரர். பழைய தலைக்காயத்துக்கு வைத்தியம் தேடிப் போனதாகச் சொன்னவர். 2010-இல் மாவட்ட நீதிபதி அவரை விடுவிக்கச் சொன்னார். அரசு மேல்முறையீடு செய்தது. அரசின் அறிக்கை முறையாகத் தயாரிக்கப்பட்டது என்றே அனுமானிக்க வேண்டும் என்று சொல்லி 2011 அக்டோபரில் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. செப்டம்பரில் அவர் முகாமிலேயே இறந்துபோனார்.

இப்போது இருக்கும் 'காலமுறை மறுஆய்வு வாரியம்' பழைய தீர்ப்பாயத்தைவிட மேலா? (மாணவி, திருநெல்வேலி)

நடைமுறையில் மேல். கேட்கும் கேள்வியில் வேறு. இதை அமைக்க 2011 மார்ச்சில் ஒபாமா உத்தரவிட்டார், முதல் விசாரணை 2013 நவம்பரில்தான் நடந்தது. பாதுகாப்பு, வெளியுறவு, நீதி, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகிய துறைகள், முப்படைத் தலைமை, தேசிய உளவுத்துறை இயக்குநர் அலுவலகம் என ஆறு இடத்திலிருந்து ஆறு பேர். கைதி குவாண்டனாமோவில் உட்கார்ந்திருப்பார், வாரியம் அமெரிக்காவிலிருந்து காணொலியில் பார்க்கும். தனிப் பிரதிநிதியோடு, அரசு செலவில்லாமல், வெளி வழக்கறிஞரும் வரலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை முழு விசாரணை, இடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோப்பு ஆய்வு.

இந்த வாரியம் 'நீ என்ன செய்தாய்?' என்று தீர்ப்புச் சொல்வதில்லை. 'நீ இனி ஆபத்தாக இருப்பாயா?' என்றுதான் கேட்கிறது. முகமது ஊல்த் ஸ்லாஹியின் கதையே நல்ல உதாரணம். மொரிட்டேனியாவில் போலீஸ் அழைத்ததும் தானே காரை ஓட்டிக்கொண்டு போனவர். 2002 ஆகஸ்டில் குவாண்டனாமோ வந்தார், அங்கே சித்திரவதைக்கு ஆளானார். 2010-இல் நீதிபதி விடுதலை செய்யச் சொன்னார், மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 ஜூனில் வாரியத்தின் முன் வந்தார். அவரைக் காவல் காத்த முன்னாள் சிப்பாய் ஒருவரே ஆதரவாகக் கடிதம் எழுதினார். முகாமில் ஒழுங்காக நடந்துகொண்டது, குடும்பத்தின் ஆதரவு, வெளியே போய் என்ன செய்வேன் என்ற திட்டம், மனமாற்றம் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஜூலையில் வாரியம் சம்மதித்தது. அக்டோபர் 17 அன்று வீடு போய்ச் சேர்ந்தார். 14 ஆண்டில் ஒரு குற்றப்பத்திரிகைகூட இல்லை.

இங்கே என் மனதை அரிப்பது ஒன்று உண்டு. 'நான் எதுவும் செய்யவில்லை' என்று சொல்பவர் எதற்காக வருந்திக் காட்டுவார்? குற்றத்தை மறுத்தால் ஒளிக்கிறார் என்று குறித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஒப்புக்கொண்டால் அதுவே அவர் கோப்பில் ஏறிவிடும். நிரபராதிக்கு இந்த மேசையில் நாற்காலி போடப்படவில்லை.

அப்படியானால் வழக்குப் போட்டுத் தண்டித்திருந்தால் சீக்கிரம் வெளியே வந்திருப்பார்களோ? (மதுரை வாசகர்)

கேட்கவே கூசுகிற கேள்வி. ஆனால் ஆமாம், சிலர் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. பின்லேடனுக்குக் கார் ஓட்டிய சலீம் ஹம்தானுக்கு 2008 ஆகஸ்டில் ராணுவ ஆணையம் (வழக்குப் போடப்பட்ட கைதிகளை விசாரிக்கும் ராணுவ நீதிமன்றம்) 66 மாதத் தண்டனை விதித்து, ஏற்கெனவே சிறையில் இருந்ததற்காக 61 மாதத்தைக் கழித்துக்கொண்டது. நவம்பரில் யேமனுக்கு அனுப்பப்பட்டார். 2017 தொடக்கம் முதல் நான்கு ஆண்டு டிரம்ப் ஆட்சியில் குவாண்டனாமோவை விட்டுப் போனது ஒரே ஒருவர். அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் செய்தவர். குற்றம் சாட்டப்படாதவர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

'விடுவிக்கலாம்' என்று வாரியமே சொன்ன பிறகும் ஏன் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்?

வாரியம் தருவது விடுதலை உத்தரவு அல்ல, பரிந்துரை. ஏற்றுக்கொள்ள ஒரு நாடு வேண்டும், அந்த நாட்டோடு கண்காணிப்பு ஏற்பாடு பேசி முடிக்க வேண்டும், பாதுகாப்பு அமைச்சர் காங்கிரசுக்கு 30 நாள் முன்பே சான்று அளிக்க வேண்டும். அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவர 2011 முதல் சட்டமே தடுக்கிறது. யேமன்காரர் என்றால் சொந்த ஊருக்கும் அனுப்பமாட்டார்கள். ஒபாமா அமைத்த பணிக்குழு 2010-இல் அனுப்பலாம் என்று ஒப்புக்கொண்ட பட்டியலில் இருந்த யேமன்காரர் ஒருவர், 2025 ஜனவரியில்தான் ஓமன் விமானம் ஏறினார். அவரோடு போன பத்துப் பேரும் யேமன்காரர்களே. அந்தப் பயணமே 2023 அக்டோபரில் நடந்திருக்க வேண்டியது. இஸ்ரேல்மீது ஹமாஸ் தாக்குதல் நடந்ததும் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஆப்கன் போர்தான் 2021-இல் முடிந்துவிட்டதே? (சென்னை வாசகர்)

அல்-காயிதாவோடு போர் முடியவில்லை என்பது அரசின் வாதம். முடிவே தெரியாத போரில் 'போர் முடியும்வரை' என்றால் ஆயுள் முழுக்க என்றுதான் ஆகும். இந்தக் கேள்வியை நீதிமன்றம் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பிரேயர் எழுதினார். நீதிமன்றம் அந்த மனுவை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னும் எத்தனை பேர்?

மொத்தம் ஏறத்தாழ 780 பேர் போனார்கள். அந்த ஓமன் பயணத்துக்குப் பிறகு, 2025 ஜனவரியில் 15 பேர் மிச்சம். அவர்களில் மூவர் அனுப்பலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டும் காத்திருந்தார்கள். இன்னும் மூவர்மீது வழக்கும் இல்லை, அனுப்ப ஒப்புதலும் இல்லை. அந்த மூவரில் ஒருவர் அபு ஜுபைதா. 2002 மார்ச்சில் பாகிஸ்தானின் பைசலாபாத்தில் பிடிபட்டவர். சி.ஐ.ஏ. ரகசியச் சிறையில் 83 முறை முகத்தில் துணி போட்டு நீரூற்றி மூச்சுத் திணற வைத்தார்கள். அல்-காயிதாவில் மூன்றாவது இடத்தில் இருப்பவர் என்று முதலில் சொன்னார்கள், பிறகு நீதிமன்றத்தில் அந்த வாதத்தைக் கைவிட்டார்கள். குற்றப்பத்திரிகை இன்றுவரை இல்லை.

குடும்பத்தினர் போய்ப் பார்க்க முடியுமா? (வாசகி, தஞ்சாவூர்)

முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் வழியாகக் கடிதம் போகும், தணிக்கை முடிந்த பிறகு. 2008-இல் தொலைபேசிக்கும், அடுத்த ஆண்டு காணொலி அழைப்புக்கும் சங்கம் ஏற்பாடு செய்தது. வாரியத்தின் முன் குடும்பத்தாரின் கடிதங்களையும் காணொலிகளையும் வைக்கலாம். வீட்டில் அறை ஒழித்து வைத்திருக்கிறோம், வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம் என்று தாயும் தம்பியும் சொல்லும் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு.