வாக்குத்தத்த அட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் என் கணவர் பதினொரு வருடம் பார்த்த பனியன் கம்பெனி வேலை ஜூலையோடு போய்விட்டது. மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து முழங்காலில் நின்றால் வட்டிக் கணக்குதான் மனதில் ஓடுகிறது. “சமாதானம் இல்லையென்றால் விசுவாசம் குறைவு” என்கிறார் போதகர். புத்தாண்டு ஆராதனையில், வருடத்துக்கான வேத வாக்காகத் தட்டிலிருந்து எடுத்த அட்டையில், எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் எரேமியா 29:11. வருடம் முடியப்போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. எப்படி ஜெபித்தால் மனம் அடங்கும்? கிறிஸ்தவர்கள் தியான வகுப்புக்குப் போகலாமா? சபையை மாற்றிவிடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

தியான வகுப்புக்குத் தாராளமாகப் போங்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் போதகர் சொன்னதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. தமிழில் ‘சமாதானம் சொல்வது’ என்றால் சாக்குச் சொல்வது என்றும் பொருள் உண்டு. அவர் சொன்னது அந்த வகை. நோயாளி வீட்டில் காபி குடித்துக்கொண்டே மற்றவர் விசுவாசத்தைப் படிபோட்டு அளக்கிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துவருகிறேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்தபோது இயேசுவின் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். அவருக்கும் விசுவாசம் குறைவுதானா என்று கேளுங்கள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அந்த அட்டையைப் பீரோவில் ஒட்டி வைத்திருப்பீர்கள். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அதற்கு முந்தைய வசனத்தை ஒரு நாளாவது புரட்டிப் பார்த்தீர்களா? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. வருடக் கடைசியில் கணக்குக் கேட்கிறீர்களே!

அது அட்டைக்காக எழுதப்பட்ட வசனம் அல்ல, ஒரு கடிதத்தின் வரி. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அங்கிருந்த ராஜாவையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அப்படிப் போனவர்களுக்கு எருசலேமில் இருந்த எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். எரேமியா முதலில் “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்கிறார். அந்த ஆமெனை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அவருக்கும் இரண்டு வருஷம்தான் வேண்டியிருந்தது. ஆனால் தெரிந்தது எழுபது, அதையே எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் இருக்கும் என்று. கடிதம் போய்ச் சேர்ந்தபோது பெரியவர்களாக இருந்தவர்களில் பெரும்பாலோர் பாபிலோன் மண்ணிலேதான் புதைக்கப்பட்டிருப்பார்கள். சமாதானம் என்ற சொல் அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. நம் சபைகளில் டிசம்பர் 31 நள்ளிரவில் தட்டில் வைத்து நீட்டப்படுவது எரேமியாவின் வசனம். நாம் அதை அனனியாவின் குரலில் வாசித்துக்கொள்கிறோம்.

இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. 1986-இல் அப்பா இறந்தார். அடுத்த புத்தாண்டில் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு வந்ததும் உங்களுக்கு வந்த இதே வசனம்தான். அந்த வருடம் அம்மா சாந்தமாக இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். பாத்திரங்கள் பறந்தன. சித்தப்பாமார் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டு, அதே வாயால் பாமாலை பாடுவாள். பழைய தையல் மிஷின் ஒன்றைத் தவணையில் வாங்கிப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் பாவாடை தைத்தாள். ராத்திரி நான் தூங்கிய பிறகும் அந்த மிதிகட்டை சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவள் போன பிறகு வேதாகமத்தைப் புரட்டினேன். 29-ஆம் அதிகாரத்தில் அட்டை செருகியிருந்தது. பதினோராம் வசனத்தில் ஒரு கோடுகூட இல்லை. பத்தாம் வசனத்துக்கு நேரே, ஓரத்தில், தையல் அளவு குறிக்கும் தடித்த பென்சிலால் ஒரு கூட்டல்: 1987, கீழே 70, கோடு போட்டு 2057. அதற்குக் கீழே, கொஞ்சம் அழுத்தி எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது, “சரி.”

பல வருடங்களாக அந்தச் ‘சரி’யைக் கோபம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அன்று ராத்திரி அவள் தூங்கியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அவள் அளவுக்கு விசுவாசம் கிடையாது, அதனால் இதற்கு மேல் விளக்க வராது.

முழங்காலில் நிற்கும்போது வட்டிக் கணக்கு ஓடினால் ஓடட்டும். தொகையைச் சத்தமாகவே சொல்லுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று 13-ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்டதைவிட அது மரியாதைக் குறைவானதல்ல. டயாலிசிஸ் நாட்களில் மாமியாருடன் உங்கள் கணவர் போய் உட்காரட்டும். வேலை இல்லாத மனிதனுக்கு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது நல்லது, உங்களுக்கும் நான்கு மணி நேரம் மிஞ்சும்.

சபை மாறுவதைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மாறுவதானால் பஸ் செலவு இல்லாமல் நடந்து போகிற தூரத்தில் ஒன்றாகப் பாருங்கள்.