இரண்டும் டிஎன்ஏதானே அக்கா? கேள்வி பதில்

சென்னையில் ஒரு லேபில் பல வருடமாகப் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) ஓட்டிக்கொண்டிருப்பவள் நான். சிடிஎன்ஏ, ஜீனோமிக் டிஎன்ஏ பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

அக்கா, இரண்டும் டிஎன்ஏதான் என்றால் எதற்கு இரண்டு பெயர்? (தாம்பரம், முதலாண்டு மாணவி)

பொருள் ஒன்று, பிறந்த விதம் வேறு. செல்லில் இருப்பதை அப்படியே பிரித்தெடுத்தால் ஜீனோமிக் டிஎன்ஏ. மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் ஆர்என்ஏ நகலான எம்ஆர்என்ஏவைப் பார்த்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியை வைத்து, குழாயில் நாம் எழுதவைப்பது சிடிஎன்ஏ. எம்ஆர்என்ஏ முதிர்வதற்குள் இன்ட்ரான் என்ற இடைத்துண்டுகளை செல் வெட்டி எறிந்துவிடும், அதனால் சிடிஎன்ஏவிலும் அவை இருக்காது. டிஸ்ட்ரோபின் மரபணுவைப் பாருங்கள்: ஜீனோமில் 20 லட்சம் எழுத்துக்கு மேல், சிடிஎன்ஏவில் சுமார் 14,000.

ரத்தத்தில் எடுத்த ஜீனோமிக் டிஎன்ஏவில் இன்சுலின் மரபணு வந்தது. அதே ரத்தத்தின் சிடிஎன்ஏவில் வரவே இல்லை. (போரூர்)

வராததுதான் சரி. மரபணு எல்லா வெள்ளணுவிலும் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்வது கணையத்தின் பீட்டா செல்களில். எம்ஆர்என்ஏ இல்லாத இடத்தில் எதை நகலெடுப்பது?

சிடிஎன்ஏ பிசிஆரில் 180 எழுத்து அளவில் ஒரு பேண்ட் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) எதிர்பார்த்தேன். 700 பக்கத்தில் இன்னொன்றும் வருகிறது. (கிண்டி, ஆய்வு மாணவர்)

தம்பி, உன் இரண்டு ப்ரைமருக்கும் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) நடுவில் 500 சொச்சத்துக்கு ஒரு இன்ட்ரான் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால், ஆர்என்ஏவோடு ஜீனோமிக் டிஎன்ஏவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்டு ஆர்என்ஏவைச் சுத்தம் செய். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டு. அதில் பேண்ட் வந்தால் அது சிடிஎன்ஏ இல்லை. அந்த ஒரு குழாய்க்குச் சோம்பல்பட்டு மூன்று வார வேலையைக் குப்பையில் போட்டவள் நான். முடிந்தால் ப்ரைமரை இரண்டு எக்ஸான் (இன்ட்ரான் போனபின் மிஞ்சும் துண்டு) சேரும் இடத்திலேயே உட்காரவை. ஒரு எச்சரிக்கை: ஜிஏபிடிஹெச் மாதிரி மரபணுக்களுக்கு இன்ட்ரான் இல்லாத போலிப் பிரதிகள் ஜீனோமிலேயே நிறைய உண்டு. அங்கே பேண்டின் அளவை நம்பி ஏமாறாதே.

கொரோனா டெஸ்டில் ஏன் ‘ஆர்டி’? (மயிலாப்பூர், இல்லத்தரசி)

அந்த வைரஸுக்கு ஜீனோமே ஆர்என்ஏதான் அம்மா. பிசிஆருக்கு டிஎன்ஏ வேண்டும், அதனால் முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் (அதுதான் ‘ஆர்டி’) செய்து சிடிஎன்ஏ ஆக்குகிறார்கள்.

சிடிஎன்ஏவுக்குக் காப்புரிமை உண்டாமே? (அடையாறு, சட்ட மாணவர்)

அமெரிக்காவில் 2013இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பிரித்தது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுக்களின் வழக்கு அது. இயற்கையில் உள்ள டிஎன்ஏவைப் பிரித்தெடுத்ததற்கு மட்டும் காப்புரிமை கிடையாது, ஆய்வகத்தில் உருவாக்கும் சிடிஎன்ஏவுக்குக் கேட்கலாம் என்றார்கள்.

மே மாத வெயில், ஏசியும் இல்லை, ராத்திரி முழுக்கக் குழாய் மேசையிலேயே இருந்துவிட்டது. போச்சா? (தரமணி)

உள்ளே என்ன இருந்தது? டிஇ பஃபரில் (டிஎன்ஏவைக் காக்கும் கரைசல்) ஜீனோமிக் டிஎன்ஏ என்றால் பயப்படாதீர்கள், ஒரு ஜெல் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஆர்என்ஏ என்றால், அது எளிதில் சிதைந்துவிடும், மறுபடி செல் வளர்க்க ஆரம்பியுங்கள்.