மருத்துவர் பதில்: சுவிஸ் பேரப்பிள்ளைக்கு முதல் நாளே நண்டுக்கறி கொடுக்கலாமா?

கேள்வி: மகளின் குடும்பம் சுவிஸிலிருந்து லீவுக்கு வருகிறது. மூத்த பேத்திக்கு ஆறு வயது, இளையவனுக்கு ஒன்றரை. போன முறை வந்த மூன்றாம் நாள் பேத்திக்கு வயிற்றோட்டமும் சத்தியும். முதல் நாள் நான் கொடுத்த நண்டுக்கறிதான் காரணம் என்று மருமகன் இன்னும் சொல்கிறார். தேங்காய்ப்பால், உறைப்பு, தயிர் எதுவும் ஆகாது என்று வாட்ஸப்பில் ஒரு பட்டியலும் அனுப்பியிருக்கிறார். முன்கூட்டியே குடற்பூச்சி மருந்தும் மெற்றோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் கொடுத்து வைக்கலாமா? முதல் நாள் என்ன சமைப்பது?
– வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: அம்மா, உங்கள் நண்டுக்கறியில் பிழை இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நன்றாகக் கொதித்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பரிமாறிய கறிதான் இந்த ஊரில் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய பாதுகாப்பான சாப்பாடு. கெட்ட உணவில் ஊறிய நஞ்சு என்றால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி தொடங்கியிருக்கும். மூன்றாம் நாள் வரும் வயிற்றோட்டம் வேறு வகை. கிருமி குடலுக்குள் போய் ஒன்று, இரண்டு, சிலவேளை மூன்று நாள் பெருகிய பிறகே அது வெளிப்படும். அதற்குள் பிள்ளை வாயில் வைத்த மற்றவற்றை யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள்.

முதல் நாளின் முதல் சாப்பாடு உங்கள் வீட்டில் நடப்பதும் இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம். ஹபரணையிலோ வெலிக்கந்தையிலோ நிறுத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸும் பற்றிஸும் வாங்குவார்கள். காலையில் பொரித்தது, மத்தியானத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். கிருமி பெருகுவதற்கு அந்த வெதுவெதுப்பே போதும். கூடவே ஐஸ் போட்ட ஜூஸ். வழியில் கண்முன்னே சுட்டெடுத்த அப்பம், தோலுரித்துத் தின்னும் வாழைப்பழம், மூடி உடையாத தண்ணீர்ப் போத்தல், முன்னால் வெட்டித்தந்த இளநீர், இவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெட்டி வைத்த வத்தகப்பழம் வேண்டாம்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான். கல்லடி மணல் தரை. மலசலகூடக் குழியிலிருந்து கிணற்றுக்குக் கிருமி போக அந்த மணல் பெரிய தடையில்லை. தண்ணீர் தெளிவாக இருப்பதும் சாட்சியாகாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்து ஆறிய நீரைக் குடிக்கவும், பல் துலக்கவும், பால்போத்தல் அலசவும் வையுங்கள். தேங்காய்ச் சம்பலைச் சாப்பிடும் நேரத்தில் இடியுங்கள். அது அடுப்பைக் காணாத பண்டம், கைபட்டது, இந்த வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. மிஞ்சிய சோறும் கறியும் அப்படியே. “திரும்பச் சூடாக்கினால் சரி” என்பது தவறு: கிருமி சாகும், சோற்றிலும் இறைச்சியிலும் அது விட்டுப்போன நஞ்சு சில வகைகளில் கொதித்தாலும் அழியாது. வெயிலில் கிடந்த சூரை மீனும் அதே கதை.

நண்டைப் பற்றி ஒரேயொரு எச்சரிக்கை. இளையவன் இதுவரை நண்டோ இறாலோ தின்றதில்லை என்றால் பயணக் களைப்போடு இரவில் தொடங்க வேண்டாம். மறுநாள் பகலில் நகத்தளவு கொடுத்து இரண்டு மணித்தியாலம் பாருங்கள். உதடு வீங்கினால், உடம்பு தடித்தால், மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை, உடனே வைத்தியசாலை. மற்றபடி தேங்காய்ப்பால், மூடிய சட்டியில் வந்த நல்ல தயிர், குறைந்த உறைப்பு எதற்கும் பயமில்லை. உறைப்பால் ஒரு தடவை எரிந்து போனால் அது நோயும் அல்ல. அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் எத்தனை தடவை போனது என்று எண்ணுவதை விட, சலம் போகிறதா என்று பாருங்கள். என் கவலையெல்லாம் அந்த ஒன்றரை வயதுக்காரனைப் பற்றியதுதான். சிறிய உடம்பு, குளிர் நாட்டிலிருந்து நம் வெயிலுக்கு வந்தது, சில மணித்தியாலத்தில் வற்றிவிடும். ஆறு மணித்தியாலமாகச் சலம் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, கூப்பிட்டால் சோர்ந்து கிடக்கிறான் என்றால் விடியும்வரை பார்க்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள், அல்லது முச்சக்கரவண்டியிலேயே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இங்கே பலர் ஏமாறுவது பம்பர்ஸில். தண்ணீராகப் போன மலத்தால் அது நனைந்து கனக்கும், சலம் போயிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். பம்பர்ஸைக் கழற்றிப் பழைய வெள்ளைத் துணியில் கிடத்துங்கள், முன்பக்கம் நனைகிறதா என்று தெரியும். மலத்தில் இரத்தம் கண்டாலும், சத்தி பச்சையாக வந்தாலும் அதே அவசரம்.

வற்றிய உடம்புக்கு நீரும் உப்பும் ஈடுசெய்யும் ஜீவனிப் பொடியை இப்போதே வாங்கி வையுங்கள். 1 லீற்றருக்கான பொதி என்றால் முழுப் பொதியையும் 1 லீற்றர் கொதித்தாறிய நீரில்தான் கரைக்க வேண்டும். அரைக் கோப்பையில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்புக் கூடி மூளையைத் தாக்கும். சீனியோ சோடாவோ சேர்க்காதீர்கள், கரைத்ததைக் கொதிக்க வைக்காதீர்கள், 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் இளையவனுக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், மூத்தவளுக்கு 100 முதல் 200. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாக. ஒரேயடியாகக் குடிக்க விட்டால் வயிறு திருப்பித் தள்ளும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம்.

மெற்றோனிடசோல் வேண்டவே வேண்டாம். இப்படி வரும் வயிற்றோட்டங்களில் பெரும்பாலானவற்றை அது தொடுவதே இல்லை. வாயெல்லாம் உலோகக் கசப்பாகி, குமட்டி, பிள்ளை ஜீவனியையும் மறுத்துவிடும். நடக்கும் கேடு அதுதான். பூச்சி மருந்து பூச்சிக்கு, இதற்கல்ல. மலத்தைக் கட்டும் குளிசையைப் பாமசியில் யார் தந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், குடல் அசைவின்றி நின்றுவிடும்.

காய்ச்சலும் சேர்ந்தால் எல்லாவற்றையும் சாப்பாட்டின் மேல் போடாதீர்கள். இது டெங்கு உள்ள ஊர். மகளின் பையில் ஐபுபுரூபன் பாணி இருக்கக்கூடும், அதைத் தொட வேண்டாம். டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டும், உடம்பு வற்றியிருந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பரசிற்றமோல் மட்டும், நிறையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. இரண்டு நாள் தாண்டினால் இரத்தப் பரிசோதனை.

மகளுக்கு இன்றே ஒரு வேலை சொல்லுங்கள். சொந்த ஊருக்குத்தானே போகிறோம் என்று ஊசி போடாமல் வருபவர்கள் அதிகம். ஹெப்பற்றைற்றிஸ் ஏ செங்கண்மாரிக்கான தடுப்பூசியை ஒரு வயதிலிருந்து போடலாம். நெருப்புக் காய்ச்சலுக்கான (தைபோயிட்) சாதாரண ஊசி இரண்டு வயதுக்கு மேல். புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்னர் போட்டால் நல்லது. நெருப்புக் காய்ச்சல் கிருமி உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே காட்டும் என்பதால், திரும்பிப் போன பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், இலங்கைக்குப் போய் வந்ததை அங்குள்ள வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.