பங்குனி, சித்திரையில் செம்மறிப் பட்டி: கேள்வி பதில்

பங்குனி பிறந்தால் மேய்ச்சல் காய்ந்துவிடும், வெயில் ஏறிவிடும். கிடா விடுவது, புழு நீக்குவது, உரோமம் கத்தரிப்பது எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள் வந்து விழும். கீழே மருந்தளவு சொல்லியிருக்கும் இடமெல்லாம் ஆட்டை எடை போட்டுப் பார்த்த பிறகுதான் பொருந்தும். கண் மதிப்பு வேண்டாம்.

கேள்வி (மேச்சேரி பக்கம், 22 பெட்டைகள்): ஐயா, கிடாவைப் பங்குனியில் விடுவதா, சித்திரையில் விடுவதா?

பங்குனியில் விடுங்கள். சினைக்காலம் 147 முதல் 150 நாள். மார்ச் 20 அன்று சேர்ந்த பெட்டை ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஈனும். ஐப்பசி அடைமழை வரும்போது குட்டிக்கு இரண்டு மாதம் முடிந்திருக்கும். ஒரு மாதம் தள்ளி விட்டால் ஒரு மாதக் குட்டி ஈரத் தரையில் நிற்கும். சளி, நுரையீரல் காய்ச்சல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டைக்கு நாள் ஒன்றுக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். 10 கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, தவிடு 3.7 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், உப்பு 100 கிராம். உடம்பு தேறி வரும் பெட்டையில் கருமுட்டை கூடுதலாக வெளிப்படும். ஏற்கெனவே கொழுத்திருக்கும் பெட்டைக்கு இதனால் பலன் குறைவு.

கிடாவின் நெஞ்சில் காவிப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். அது ஏறிய பெட்டையின் பின்முதுகில் காவி ஒட்டும், அன்றைய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 17 நாள் கழித்து வேறு நிறம் பூசுங்கள். முதல் நிறம் விழுந்த பெட்டைகளில் பாதிக்கு மேல் இரண்டாம் நிறமும் விழுந்தால் குறை கிடாவிடம் இருக்கிறது. விந்து உருவாக ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும். மாசியில் வந்த காய்ச்சலின் விளைவு பங்குனியில் தெரிவது அதனால்தான். 22 பெட்டைக்கு ஒரு கிடா போதும். பகல் வெயிலில் நிழலில் கட்டிவைத்து, காலையும் மாலையும் மட்டும் விடுங்கள்.

கேள்வி (விளாத்திகுளம்): எல்லா ஆட்டுக்கும் ஒரு மூடி அல்பெண்டசோல் புழு மருந்து ஊற்றினேன். மூடி 5 மிலி பிடிக்கும். தாடைக்கீழ் வீக்கம் போகவில்லை. மருந்து போலியா?

போலி என்று சொல்வதற்கு முன்பு அளவைப் பாருங்கள். 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் இருக்கிறது. செம்மறிக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் வேண்டும். 20 கிலோ ஆட்டுக்கு 6 மிலி, 32 கிலோ ஆட்டுக்கு 9.6 மிலி. நீங்கள் கொடுத்த 5 மிலி, பெரிய ஆட்டுக்குப் பாதி அளவு. பாதி அளவில் பலவீனமான புழு சாகும், தாக்குப்பிடித்த புழு முட்டையிடும். சில வருடம் இப்படியே போனால் அந்த மருந்து உங்கள் பட்டியில் வேலை செய்யாது.

தாடை வீங்குவது இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவால். ஒரு புழு நாளைக்கு 0.05 மிலி இரத்தம் வரை குடிக்கும். 2,000 புழு இருந்தால் 100 மிலி. கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள்: செக்கச் சிவப்பாக இருந்தால் கவலையில்லை, வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் மருந்து வேண்டும், காகிதம் போல வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சரியான அளவு கொடுத்தும் 10 முதல் 14 நாளில் சாணப் பரிசோதனையில் முட்டை குறையவில்லை என்றால் வேறு வகை மருந்துக்கு மாறச் சொல்வார்.

ஊற்றும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள். மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கும். கிடா விட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது, கருவைக் கெடுக்கும். விடுவதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள்.

கேள்வி (தாராபுரம்): அறுத்த சோளக் கட்டை கோடை மழையில் தழைத்து நிற்கிறது. மேய விடலாமா?

வேண்டவே வேண்டாம். மழைக்கு ஏங்கி நின்று திடீரென்று துளிர்க்கும் மறுதாம்புச் சோளத்தில் சயனைடு நஞ்சு அதிகம். பசியோடு நுழைந்த ஆடு கால் மணி நேரத்தில்கூட விழுந்துவிடும்: வேக மூச்சு, தள்ளாட்டம், வலிப்பு, கண் இமைக்குள் பளிச்சென்ற சிவப்பு. மாற்று மருந்து சோடியம் தயோசல்பேட். ஆனால் மருத்துவர் வந்து சேரும் வரை ஆடு தாங்குவது அரிது. பூவெடுத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

கேள்வி (பரமக்குடி): சீமைக்கருவேல நெற்று இலவசமாகக் கிடக்கிறது. அதை மட்டும் போட்டுக் கோடையை ஓட்டலாமா?

அதை மட்டும் என்றால் கூடாது. நெற்றில் சர்க்கரை மிகுதி. அளவு மீறினால் வயிறு புளித்து, ஆடு தீவனம் மறுக்கும், கழியும். மாதக்கணக்கில் அதையே தின்றால் நரம்பும் பாதிக்கப்படும், தாடை தொங்கி மெல்ல முடியாமல் போகும். காயவைத்து இடித்து, மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வையுங்கள், கூடவே உலர்ந்த தட்டை இருக்க வேண்டும். இடிக்காமல் போட்டால் விதை முழுசாக வெளியே வந்து, கிடை போட்ட நிலத்தில் முளைக்கும். நிலத்துக்காரர் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்.

கேள்வி: மாட்டுக்கு வாங்கிய தாது உப்பையே ஆட்டுக்கும் போடலாமா?

கூடாது. மாட்டுக் கலவையில் தாமிரம் கூடுதல். செம்மறியின் ஈரலில் அது சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலையாக வெடிக்கும். செம்மறிக்கென்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (மணப்பாறை): அண்ணா, ஆறு கருங்குரும்பை ஆடு இருக்கிறது. கத்தரித்த உரோமத்தை வைத்துக் கைவேலை செய்ய ஆசை. ஃபெல்ட் பொம்மை வருமா?

திருச்சி கருப்பு என்கிற கருங்குரும்பையின் உரோமம் முரடு. பாய், கைப்பை, கம்பளி விரிப்புக்கு அருமையாக இருக்கும், உடுப்புக்குக் குத்தும். நெய்யாமல் அழுத்தித் திரட்டும் ஃபெல்ட்டுக்கு நைஸான உரோமம் வேண்டும், நீலகிரி செம்மறியுடையது அப்படி. முதலில் சோதித்துப் பாருங்கள்: நெல்லிக்காய் அளவு உரோமத்தைச் சுடுநீரும் சோப்பும் விட்டு உள்ளங்கையில் இரண்டு நிமிடம் உருட்டுங்கள். கெட்டியான உருண்டை ஆனால் ஃபெல்ட் வரும். விரலிடுக்கில் பிரிந்து போனால் நூல் நூற்கத்தான் ஏற்றது.

கத்தரிப்பதற்கு முந்தின நாள் ஆட்டைக் குளிப்பாட்டிக் காயவிடுங்கள். அடிவயிறு, வால் பக்க உரோமத்தைத் தனியே ஒதுக்குங்கள். மீதியை வலைப்பையில் போட்டு, கை பொறுக்கும் சூட்டு நீரில் சோப்புத்தூள் கலந்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். கசக்காதீர்கள், மேலிருந்து நீரை ஊற்றாதீர்கள், இரண்டுமே சிக்காக்கிவிடும். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். நிழலில் உலர்த்தி, இரண்டு கம்பிப் பிரஷ்களால் எதிரெதிராகச் சீவுங்கள். பருத்தி நூற்கும் தக்ளி (கைக்கதிர்) இதற்கு எடை பற்றாது. கனமான வட்டு வைத்தால் தடித்த நூல் அறுந்து விழாது. தக்காணத்தில் கம்பளி நெய்பவர்கள் பாவுக்கு (நீளவாட்டு நூலுக்கு) புளியங்கொட்டைப் பசை போடுவார்கள், நூலின் பிசிறு அடங்கும்.

கேள்வி (கோவில்பட்டி): தாத்தா காலத்திலிருந்து வரும் ஆடுகள் இவை. வெள்ளையில் செம்புள்ளி, பெட்டைக்குக் கொம்பு இல்லை. என்ன இனம்?

வேம்பூர் இனம். உங்கள் பக்கத்தில் பொட்டு ஆடு என்பார்கள். உயரமான உடல், தொங்கும் காது, குட்டை மெல்லிய வால் இருக்கிறதா என்று பாருங்கள். அடர்ந்த செம்பழுப்பில் தலையிலும் வயிற்றிலும் காலிலும் கருமை ஓடி, கழுத்தில் தாலி (சிறு சதைத் தொங்கல்) இருந்தால் அது கீழக்கரிசல் இனம். அந்தக் குட்டி இடையில் பிறந்தால் கலப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி (அவரே): கிடாவை மாற்றாமல் ஐந்து வருடமாக வைத்திருக்கிறோம். நல்ல கிடா. தப்பா?

தப்புதான். கிடா தன் மகளோடு சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு உட்கலப்பு (நெருங்கிய இரத்த உறவுக்குள் சேர்வது) 25 சதவீதம். எடை குறைந்து பிறக்கும், கீழ்த்தாடை குட்டையாகும், சினை பிடிப்பது குறையும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றினால் போதும் என்று சொல்வார்கள். பெட்டைக்குட்டிகளைத் தனியே அடைத்தால்தான் அந்தக் கணக்கு சரி. ஆகஸ்டில் பிறந்த குட்டி அடுத்த வைகாசிக்குள் பருவத்துக்கு வந்துவிடும், அப்போது அப்பன் கிடா இன்னும் பட்டியில் நிற்கும்.

நல்ல கிடா என்றால் விற்க வேண்டாம், உறவில்லாத பட்டியோடு மாற்றிக்கொள்ளுங்கள். குட்டிக்கு வம்சாவளி நோட்டு ஒன்று போடுங்கள்: காது எண், பிறந்த தேதி, தாய் எண், தந்தை எண், தந்தையின் தாய் எந்தப் பட்டி, பிறந்த எடை, மூன்றாம் மாத எடை. கிடாக்குட்டியை நான்காம் மாதத்தில் பிரித்த தேதியையும் எழுதுங்கள். ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே அது ஏறத் தொடங்கும், அந்தத் தேதி இல்லாவிட்டால் தந்தை யார் என்ற கட்டத்தை நம்ப முடியாது.