காலி சைட்டில் பூத்தது என்ன பூ?

கே.ஆர்.புரம் வாசகி: பக்கத்துக் காலி சைட்டில் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தும்பை என்று நினைத்துப் பிரதோஷத்துக்குப் பறித்தேன். முழங்கை வரை அரிப்பு. ஏன்?

நீங்கள் பறித்தது பார்த்தீனியமாகத்தான் இருக்கும். பெங்களூரில் காங்கிரஸ் செடி என்றால் யாருக்கும் தெரியும். கேரட் தழை மாதிரி இலை, உச்சியில் கிளைகிளையாகப் பொடிப் பூ. 1950-களில் அமெரிக்கக் கோதுமையோடு வந்திறங்கியது என்பார்கள். இதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984-ல் நம் ஊரிலேயே விட்டார்கள். வண்டும் தின்கிறது, செடியும் முளைக்கிறது! அரிப்பு அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தும்பையின் தண்டைத் தடவினால் நாலு பட்டையாக இருக்கும். கணுவில் பச்சை உருண்டை, அதில் செருகினாற்போல் பூ. ஒன்றை மெல்ல இழுத்து அடியை உறிஞ்சினால் துளித் தேன் வரும். எறும்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை, நாக்கு வீங்கியது.

அல்சூர் வாசகர்: பக்கத்து வீட்டு அஜ்ஜி தும்பைக்கு ஒரு கதை சொன்னார். கன்னடம் பாதிதான் புரிந்தது.

ஒரு பக்தைக்குச் சிவன் காட்சி கொடுத்தாராம். "உன் கால் என் தலைமேல் இருக்கட்டும்" என்று கேட்க வந்தவள், பதற்றத்தில் "என் கால் உன் தலைமேல்" என்று உளறிவிட்டாள். சிவனும் சரி என்று அவளைத் தும்பையாக்கிச் சூடிக்கொண்டார். பூவைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், குட்டிப் பாதம்!

ஹொரமாவு வாசகி: கேட் அருகே எருக்கு முளைத்திருக்கிறது. வீட்டுக்கு ஆகாது, வெட்டு என்கிறார் அத்தை.

சங்க காலத்தில் காதல் கைகூடாதவன் எருக்கம்பூ சூடிப் பனைமடல் குதிரையேறித் தெருவில் வருவான். அதனால் அது மானம் போன பூ. அதே எருக்குதான் சதுர்த்திக்குப் பிள்ளையார் கழுத்தில். அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அத்தை பேச்சைக் கேளுங்கள். இல்லையென்றால் இலையடியில் கறுப்பும் மஞ்சளுமாக வரிப்புழு தேடுங்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளை அது. எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் சீண்டாது.

ஜீவன்பீமா நகர் வாசகர்: பொங்கல் காப்புக்குப் பூளைப்பூ இங்கே முளைக்குமா?

முளைக்கும். மதிலோரம், கணுவெல்லாம் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். போகியன்று சீக்கிரம் போங்கள். எங்கள் தெருவில் 7 மணிக்கெல்லாம் காலி.